தாயாரின் படுக்கைப் புண்ணுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: என் தாயாருக்கு வயது 64, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். அதன் பிறகு வார்டில் இருந்த 11 நாள்களில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க யாரும் வரவில்லை. முதுகு எரிகிறது என்று அம்மா சொன்னபோதெல்லாம், "ஆபரேஷன் வலி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் துணியை விலக்கிப் பார்த்தபோது முதுகின் அடிப்பகுதி கறுத்து, புண்ணாகி, நாற்றமடித்தது. பயந்துபோய் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே 47 நாள்கள் வைத்திருந்து, இரண்டு முறை புண்ணைச் சுத்தம் செய்து, தோல் ஒட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள். அம்மா இன்னும் நடக்கவில்லை. தனியார் மருத்துவமனைக்கு 2,60,000 ரூபாய் கட்டியிருக்கிறோம். கேஸ் ஷீட்டைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். "எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டீர்கள், போக வேண்டாம் என்றும் சொன்னோம்" என்கிறார்கள். போலீசில் புகார் கொடுக்கலாம் என்கிறான் தம்பி. டாக்டர் மேல் கேஸ் போட்டு ஜெயிக்க முடியாது என்கிறார்கள் உறவினர்கள். நாங்கள் என்ன செய்வது?
ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மற்ற அனைத்தும் அதற்குப் பிந்தைய 11 நாள்களைப் பற்றியவை. உங்கள் வழக்கும் அந்த 11 நாள்களுக்குள்தான் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர், ஆபரேஷன் தவறு, மருந்து தவறு, பில் தவறு என்று அத்தனையையும் ஒரே மனுவில் எழுதிக்கொண்டு வருவார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றுள் நிரூபிக்க முடியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றவையும் அப்படிப்பட்டவையே என்று காட்டிவிடுவார். அறுவை செய்த மருத்துவர் எலும்பைச் சரியாகப் பொருத்தியிருந்தால், அதை ஒப்புக்கொண்டே நீங்கள் வழக்கை நடத்தலாம்.

சிகிச்சை பலிக்காமல் போவது மட்டுமே சட்டத்தின் பார்வையில் கவனக்குறைவாகிவிடாது. நன்றாகச் செய்த அறுவைக்குப் பிறகும் எலும்பு சேராமல் போகலாம், கிருமி தொற்றலாம், வயதான உடல் தாங்காமல் போகலாம். நோயாளியைக் கவனிக்கும் கடமை இருந்ததா, அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர் செய்திருக்கக்கூடியதைச் செய்யத் தவறினார்களா, அந்தத் தவறால்தான் இந்தப் பாதிப்பு வந்ததா என்ற மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைத்தால்தான் அது கவனக்குறைவு. பெரும்பாலான வழக்குகள் தோற்பது மூன்றாவது கேள்வியில். தவறு நடந்தது உண்மை, ஆனால் பாதிப்பு அதனால் வந்ததல்ல என்று மருத்துவமனை வாதிடும்போது பதில் சொல்ல ஆவணம் இருக்காது.

சில தவறுகள் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். 1963-இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள், இரத்தம் ஒற்றும் துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள். மீண்டும் வயிற்றைத் திறந்தபோது துணி கிடைத்தது, அவர் பிழைக்கவில்லை. யாருடைய கை தவறியது என்று குடும்பத்தார் காட்டத் தேவையில்லை, துணி உள்ளே கிடந்ததே கவனக்குறைவைச் சொல்லும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், ஊழியர்களின் தவறுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு 1996-இல் வந்தது. 33 ஆண்டுகள் அந்தக் குடும்பம் காத்திருந்தது என்பதை நினைத்தால் வழக்கறிஞர் தொழிலில் இருப்பவனுக்கே கூச்சமாக இருக்கிறது. 1998-இல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், டைபாய்டு காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு மருத்துவர் எழுதியது ஒரு மருந்து. செவிலியர் தகப்பனாரிடம் வாங்கி வரச் சொல்லி நரம்பில் ஏற்றியது வேறொரு மருந்து. சிறுவனின் மூளை மீளாத பாதிப்புக்கு உள்ளானது. சிறுவனுக்கு 12.5 லட்சமும், மன வேதனைக்காகப் பெற்றோருக்கு 5 லட்சமும் தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பு உங்களுக்கு இரண்டு வகையில் உதவும்: செவிலியரின் தவறு மருத்துவமனையின் தவறே, நோயாளிக்காகப் பணம் கட்டிச் சிகிச்சையை அமர்த்தியவரும் நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. ஆகவே உங்கள் தாயாரோடு நீங்களும் மனுதாரராக இருக்கலாம்.

இவை செய்யக்கூடாததைச் செய்ததால் வந்தவை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது இன்னொரு வகை. எண்ணிக்கையில் இதுவே அதிகம் என்பது என் அனுபவம். சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 1996-இல் 29 வாரத்திலேயே 1,250 கிராம் எடையுடன் பிறந்த ஒரு பெண் குழந்தையை, விழித்திரைப் பரிசோதனை செய்யாமலும், அது வேண்டும் என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலும் வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு முற்றிப்போய்க் குழந்தை பார்வையை இழந்தது. மருத்துவச் செலவையும் எதிர்காலத் தேவையையும் கணக்கிட்டு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்குமாறு 2015-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் சவ்வு அறுவைக்குப் பின் உயிரிழந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அறுவைக்குப் பின் போட்ட கட்டின் இறுக்கத்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு முதலில் காலும், பிறகு உயிரும் போயின. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அறுவை முடிந்த பிறகு யாராவது விரல்களின் நிறத்தையும் சூட்டையும் மணிக்கொரு முறை பார்க்கிறார்களா என்பதில் ஒரு கால் தங்கியிருக்கிறது. உங்கள் தாயாருக்கு நேர்ந்தது இந்த வகையைச் சேர்ந்தது.

படுக்கைப் புண் ஒரே இரவில் எலும்புவரை போய்விடுவதில்லை. அசைய முடியாமல் ஒரே பக்கமாகக் கிடக்கும்போது, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய சதைக்கு இரத்தம் போகாமல், முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்காது. அந்தக் கட்டத்தில் கண்டுகொண்டு அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் ஆறிவிடும். அதற்கு அடுத்துத் தோல் உரியும், பிறகு கொழுப்பு தெரியும், கடைசியில் தசையும் எலும்பும் தெரியும். உங்கள் தாயாரின் முதுகு எரிகிறது என்ற முதல் முறையீடு எந்த நாளில் என்பதை நாட்காட்டியை வைத்துக்கொண்டு, உடனிருந்த எல்லோரையும் கேட்டு, இன்றே எழுதி வையுங்கள். இடுப்பு முறிந்த, சர்க்கரை உள்ள, வயதான நோயாளிக்குப் படுக்கைப் புண் வரும் ஆபத்து அதிகம் என்பது செவிலியர் படிப்பிலேயே சொல்லித் தரப்படும் பாடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுவது, காற்று மெத்தை போடுவது, ஈரம் படாமல் பார்ப்பது, அன்றாடம் முதுகையும் குதிகாலையும் பார்ப்பது, முடிந்தவரை சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பது ஆகியவற்றில் எதுவும் பெரிய செலவுள்ள வைத்தியமல்ல.

மருத்துவமனை என்ன சொல்லும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிக்குப் புண் வரத்தான் செய்யும் என்பார்கள். எவ்வளவு பார்த்தும் புண் வந்துவிடும் நோயாளிகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் பார்த்ததற்கான பதிவை அவர்கள்தான் காட்ட வேண்டும், சர்க்கரை இருப்பது முன்பே தெரியும் என்பதால் அவர்களுடைய கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. "உங்கள் அட்டெண்டர் கூடவே இருந்தாரே, அவர் திருப்பியிருக்கலாமே" என்றும் கேட்பார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் உடன் ஆள் இல்லாமல் சேர்க்கவே மாட்டார்கள். மருந்து வாங்குவது முதல் மலம் அள்ளுவதுவரை அந்த ஆள் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் எலும்புக்குள் கம்பி வைத்த இடுப்பை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பலாம் என்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அதைச் செய்யும்படி உங்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்று திருப்பிக் கேட்கலாம். பில்லை எடுத்துப் பாருங்கள். செவிலியர் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், 11 நாள்களுக்கு அவர்கள் வாங்கியது எதற்கு என்ற கேள்வி அந்த வரியிலேயே இருக்கிறது. இரவில் ஒரே ஆளாக இரண்டு வார்டுகளுக்கு ஓடும் செவிலியரின் மீது எனக்குக் கோபமில்லை. ஓர் ஆளைப் போட்டு மூன்று ஆள் வேலையை வாங்கும் நிர்வாகத்தையே முதல் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, கேஸ் ஷீட். அதைத் தர மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சியில்லை. உங்கள் தாயாரின் கையொப்பத்தோடோ கைரேகையோடோ, உள்நோயாளி எண்ணையும் சேர்ந்த தேதியையும் குறிப்பிட்டு, சேர்ப்பித்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது என்று தெளிவாக எழுதுங்கள். செவிலியர் குறிப்பு, காய்ச்சல்-நாடி-இரத்த அழுத்த அட்டவணை, பக்கம் மாற்றிய பதிவு, மருந்து கொடுத்த பதிவு, சம்மதப் படிவம், ஆய்வக முடிவுகள் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டாலும் நட்டமில்லை: வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அவர்களை ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லும், அப்போதும் காட்டாவிட்டால், காட்டாததையே அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

ஆவணம் வந்தவுடன் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து மணி வாரியாகப் படியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில் பக்கம் மாற்றிய பதிவு அழகாக வந்து சேர்ந்தது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று ஆறு நாளும் ஓர் இடம் விடாமல் எழுதப்பட்டிருந்தது. காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு "இடப்பக்கம் திருப்பப்பட்டது" என்றிருந்தது. அதே நாள், அதே நேரத்தில் நோயாளி கீழ்த்தளத்தில் ஸ்கேன் மேசையில் கிடந்தார் என்பதை ஸ்கேன் படத்தின் ஓரத்தில் அச்சான நேரம் சொன்னது. அதன் பிறகு அந்தப் பதிவில் எந்த வரியையும் யாரும் நம்பவில்லை.

உங்களிடம் இருக்கக்கூடிய மிக வலுவான சான்று அந்தத் தனியார் மருத்துவமனையில் இல்லை. அரசு மருத்துவமனையில் உங்கள் தாயாரைச் சேர்த்த அன்று பணியில் இருந்த மருத்துவர் எழுதிய அனுமதிக் குறிப்பில் இருக்கிறது. யாரோடும் வழக்கு இல்லாத ஒருவர், புண்ணின் நீள அகலம், ஆழம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றை அன்றே எழுதியிருப்பார். அங்கே சேரும்போதே அந்தப் புண் இருந்தது என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. அதை நேரில் விண்ணப்பித்துப் பெறுங்கள்; தாமதித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 30 நாள்களில் பதில் தர வேண்டும். புண்ணுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவரிடம், தனியார் மருத்துவமனை தவறு செய்தது என்று எழுதித் தரச் சொல்லாதீர்கள். சக மருத்துவரைப் பற்றி அப்படி எழுத எவரும் தயங்குவார். அது அவருடைய வேலையும் அல்ல. புண் எந்தக் கட்டத்தில் இருந்தது, ஏறத்தாழ எத்தனை நாள் பழையது, என்னென்ன சிகிச்சை தேவைப்பட்டது என்பதை மட்டும் சான்றளிக்கக் கேளுங்கள். எல்லா மருத்துவ வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் என்று எதிர்த்தரப்பு சொன்னால், மலேரியா நோயாளிக்கு டைபாய்டு சிகிச்சை கொடுத்த ஐதராபாத் வழக்கில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டுவார். ஆயினும் கருத்து ஒன்று கையில் இருப்பது நல்லது.

நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சம்மதம் என்பது, இன்ன சிகிச்சையில் இன்ன ஆபத்து உண்டு என்று விளங்கிக்கொண்டு அதற்கு உடன்படுவது. கவனிக்காமல் விடுவதற்கு எவரும் சம்மதம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. சம்மதத்தின் எல்லையை உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே பார்க்கிறது. 2008-இல் தீர்ப்பான டெல்லி வழக்கில், பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த அவருடைய தாயாரின் சம்மதத்தைக் கேட்டு அகற்றினார்கள். சுய நினைவு திரும்பும்வரை காத்திருக்க முடிந்த நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மருத்துவ ஆலோசனைக்கு மாறாகப் போகிறோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தாள் நீங்கள் கிளம்பிய நேரத்துக்குப் பின் நடந்தவற்றுக்கு மட்டுமே அவர்களுக்குக் கேடயமாகும். புண் அதற்கு முன்பே வந்துவிட்டது.

உங்கள் தம்பியின் கோபம் நியாயமானது. ஆனால் காவல் நிலையம் உங்கள் வழக்குக்கு ஏற்ற இடம் என்று நான் நினைக்கவில்லை. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்து அவர் இறந்துபோன வழக்கே, ஜேக்கப் மேத்யூ வழக்கு என்று பெயர்பெற்றது. அவ்வளவு கொடுமையான நிகழ்விலும் மருத்துவரின் மீதான குற்ற வழக்கை 2005-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றமாக வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், வழக்குத் தொடருமுன் சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைக் காவல்துறை பெற வேண்டும் என்பது அதில் வகுத்த விதி. மருத்துவமனை இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம் என்பதை அதே தீர்ப்பு மறுக்கவில்லை. குற்ற வழக்கைத் தொடங்கிவிட்டு, அது தள்ளுபடியான உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு நுகர்வோர் ஆணையத்துக்கு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே செல்ல வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பது 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சாந்தா வழக்கிலேயே முடிவான விஷயம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணமும் இல்லை. மருத்துவச் செலவு, 47 நாள்கள் கூட இருந்தவரின் வருமான இழப்பு, வீட்டில் வைத்துக்கொண்ட பணியாளரின் கூலி, தாயாரின் வேதனை, இனி வரும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, முடிந்தவற்றுக்கு ரசீது இணையுங்கள். மனு போட இரண்டு ஆண்டுகள் வரைதான் காலம். உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த பில்லின்படி 14 மாதங்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. தனியார் மருத்துவமனையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே கணக்கிடுங்கள், தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் நிலையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லையென்றால், பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்க உங்களுக்கும் தாயாருக்கும் உரிமை உண்டு. தொலைபேசி எண் 15100.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். அது மருத்துவரின் நடத்தையை விசாரித்து எச்சரிக்கவோ பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவோ முடியும். ஒரு ரூபாய்கூட இழப்பீடு வழங்காது. உங்கள் குறை மருத்துவரைவிட வார்டு நிர்வாகத்தின் மீதே இருப்பதால் இதை நான் வற்புறுத்தவில்லை.

இதே கேள்வியோடு, அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவர்களும் எழுதுவதால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. யாரிடமும் கட்டணம் வாங்காத மருத்துவமனையின் சிகிச்சை பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்குள் வராது. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ இழப்பீடு கேட்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாயின் ஓராண்டுக்குள் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள், நாம் பணம் கட்டவில்லையே என்று ஒதுங்க வேண்டாம். மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே என்று சாந்தா வழக்கிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பதினோராம் நாள் துணியை விலக்கிப் பார்த்தபோது உங்களில் யாராவது கைப்பேசியில் படம் எடுத்திருந்தால், அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியாக மட்டும் வைத்திருக்காதீர்கள். எடுத்த நேரம் பதிந்த மூலக் கோப்பு அந்தக் கைப்பேசியிலேயே இருக்கட்டும். மின்னணுச் சான்றுக்கு 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்; அதைத் தயாரிக்கும்வரை அந்தக் கைப்பேசியை விற்கவோ, மாற்றவோ, அழித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.